2,850 டாலர் போச்சு: லைசென்ஸ் விண்ணப்பத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காதீங்க

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுதமாட்டேன்.

கலிபோர்னியா எஸ்.இ. (ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்) லைசென்ஸுக்கு விண்ணப்பம் தயாரித்துத் தருவதாகச் சொன்ன ஒரு 'கன்சல்டன்சி'யிடம் 2,850 டாலர் கொடுத்து ஏமாந்தேன். பெயர் போடவில்லை. நாலு படத்தோடு ஒரு வெப்சைட், ஒரு வாட்ஸப் நம்பர், கூப்பிட்டால் தமிழில் பேசும் ஒரு குரல். அந்த வகை.

எஸ்.இ. எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இங்கே சிவில் பி.இ. (நம்ம ஊர் டிகிரி இல்லை, புரொஃபஷனல் இன்ஜினியர் லைசென்ஸ்) இருந்தால் பல கட்டடங்களின் வரைபடங்களில் கையெழுத்துப் போடலாம். ஆஸ்பத்திரி என்று வந்தால் அது போதாது. 1933 லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடங்கள் இடிந்தன, 1971 சான் பெர்னாண்டோவில் ஆஸ்பத்திரிகள் இடிந்தன. ஒவ்வொன்றுக்கும் பிறகு சட்டம் இறுகியது. எங்கள் ஆபீஸில் பாதி வேலை பழைய ஆஸ்பத்திரிகளைப் பலப்படுத்துவதுதான். எஸ்.இ. இல்லாமல் நான் எத்தனை வருடம் கணக்குப் போட்டாலும் முத்திரை வேறொருவருடையது.

பரீட்சை மொத்தம் 21 மணி நேரம். முன்பு பேப்பர், பென்சிலோடு இரண்டு நாள். 2024லிருந்து கம்ப்யூட்டரில் நாலு பகுதி. அதில் டெப்த் எனப்படும் ஆழமான பகுதிகள் ஏப்ரல், அக்டோபர் என்று வருடத்துக்கு இரண்டு தடவைதான் வரும். லேட்டரல் டெப்த்தில் (நிலநடுக்கம், காற்று போன்ற பக்கவாட்டு விசைகள்) ஒரு தடவை விழுந்து, ஆறு மாதம் காத்திருந்து, மறுபடி எழுதித் தேறினேன். கட்டட விதிகள் அடங்கிய கோட் புத்தகத்தைத் திரையில் உருட்டி உருட்டி கழுத்துவலி வந்ததுதான் மிச்சம். ரிசல்ட் வந்த அன்று இனி ஒரு படிவத்தைக்கூடப் பார்க்கமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். அந்த அலுப்புதான் என்னைக் கவிழ்த்தது.

பொங்கல் விழாவில் தெரிந்தவர் ஒருவர் நம்பர் கொடுத்தார். கூப்பிட்டேன். முதல் கேள்வியே, "தம்பிக்கு எந்த ஊரு?"

"நாகர்கோவில்."

"அட, எங்க மாமியார் வீடு மார்த்தாண்டம்ல! அப்ப நீங்க நம்ம பிள்ளை. கவலைய விடுங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. மீன்குழம்பைப் பற்றி பத்து நிமிஷம் பேசினோம். கலிபோர்னியா எஸ்.இ. விண்ணப்பம், மற்ற மாநிலங்களுக்காக என்.சி.இ.இ.எஸ். (இந்தப் பரீட்சைகளை நடத்தும் அமைப்பு) ரெக்கார்ட், ஊர் டிகிரியின் மதிப்பீடு எல்லாம் சேர்த்து 2,850 என்றார். ஜெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வழி) அனுப்பினேன். மார்க்‌ஷீட் ஸ்கேன், பாஸ்போர்ட் காப்பி, கேட்டதால் என் லாகின் பாஸ்வேர்டும். ஆமாம், பாஸ்வேர்டும். திட்டுங்கள்.

முதல் மாதம் "போயிட்டிருக்கு தம்பி". இரண்டாம் மாதம் "லைசென்ஸ் போர்டுல ஆள் பத்தல, எல்லாருக்கும் லேட்தான்". மூன்றாம் மாதம் நானே என்.சி.இ.இ.எஸ். கணக்கைத் திறந்து பார்த்தேன். டிகிரி மதிப்பீடு தொடங்கவே இல்லை. சான்றிதழ் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வரவேண்டும். இவர் என் ஸ்கேனை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "உங்க காலேஜ்ல சொல்லி அனுப்பச் சொல்லுங்களேன்". அதைச் செய்யத்தானே ஐயா காசு?

அதுகூடப் பொறுத்திருப்பேன். போன செவ்வாய்க்கிழமை கையெழுத்துக்காக ஒரு பி.டி.எஃப். வந்தது. பி.இ. வாங்கிய பிறகு மூன்று வருட ஸ்ட்ரக்சுரல் அனுபவம் காட்டவேண்டும், அதை நம் வேலையை அறிந்த எஸ்.இ.க்கள் உறுதிப்படுத்தவேண்டும்; அவர்கள்தான் ரெஃபரன்ஸ். நான் கொடுத்த மூன்று பெயரில் ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டு பேர் யார் என்றே எனக்குத் தெரியாது. நான் வாழ்நாளில் கால் வைக்காத பிரெஸ்னோவில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஷியர் வால் (நிலநடுக்கத்தைத் தாங்கும் சுவர்) டிசைன் செய்திருக்கிறேனாம்! கீழே நான் கையெழுத்துப் போடும் இடத்தில், இதில் உள்ளது உண்மை, பொய்யானால் பொய்ச்சாட்சிக் குற்றம் என்ற வாசகம்.

போன் போட்டேன். "அது சும்மா ஃபார்மாலிட்டி தம்பி, எல்லாரும் இப்படித்தான். போட்டு அனுப்புங்க."

கை நடுங்கியது. நான் பேனாவை எடுத்திருந்தால் 2,850 டாலரோடு போயிருக்காது. பி.இ. லைசென்ஸும் போயிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட நிமிஷத்திலிருந்து நான் 'தம்பி' இல்லை, 'சார்'. "சார், சர்வீஸ் ஃபீஸ் ரீஃபண்ட் கிடையாது, டெர்ம்ஸ்ல இருக்கு." அப்புறம் ஒரு பெண் குரல்: "டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." கூப்பிடவில்லை. வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்யமுடியாது என்றார்கள். நம்பர் கொடுத்தவரோ, "எனக்கும் அவரை நேரில் தெரியாதுப்பா" என்கிறார். இதை விழாவிலேயே சொல்லியிருக்கலாம்.

2,850 டாலர். மகளின் டேகேர் ஒரு மாதம், அதற்குமேல் மளிகையும். மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: பாஸ்வேர்ட் கொடுக்காதீங்க. ஜெல்லில் அனுப்பாதீங்க, கார்டு என்றால் மறுப்புத் தெரிவிக்கவாவது வழி உண்டு. ரெஃபரன்ஸ் 'ஏற்பாடு' செய்கிறேன் என்று எவன் சொன்னாலும் அந்த நொடியே போனை வையுங்கள். ஊர்ப் பெயர் கேட்டு உருகாதீங்க.

இந்த சனி, ஞாயிறு இரண்டு ராத்திரி உட்கார்ந்து விண்ணப்பத்தை நானே நிரப்பிவிட்டேன். போர்டுக்குக் கட்டவேண்டியது 200 டாலருக்குள்தான். என் பழைய பாஸ் மூன்றாவது ரெஃபரன்ஸுக்கு ஒப்புக்கொண்டார், ஒரே ஒரு போன் கால். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். பாஸ்போர்ட் காப்பி மட்டும் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது.