மலைமேல் 13 ஆண்டுகள்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் சமூக வலைத்தள அனுபவம்

மிக்ஸி வாங்கிய மூன்றாம் நாளே மதிப்புரை எழுதிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு பொருளைப் பற்றி நான் வாய் திறக்க வேண்டுமென்றால் அது ஒரு முறையாவது பழுதாகியிருக்க வேண்டும், ஒரு முறையாவது என் கையைச் சுட்டிருக்க வேண்டும். சமூக வலைத்தளத்தில் சிரிக்கவும் புலம்பவும் தொடங்கி எனக்கு 13 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டும் நடந்துவிட்டன. ஆகவே எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிற்றூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸில் வருவது சில்லறைதான். சோறு போடுவது மனு. திங்கட்கிழமைதோறும் உதகை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊரின் குறைகள் எல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என் கடை வாசலில் வரிசையில் நிற்கும். பட்டா, முதியோர் ஓய்வூதியம், குடிநீர், தோட்டத்துக்குள் வந்த காட்டெருமை, கோயிலுக்குள் வந்த கரடி. பகல் முழுக்க ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று தட்டச்சு செய்த விரல்களோடுதான் 2012-இல் முகநூலுக்குப் போனேன். முதல் பதிவு இப்படி இருந்தது: “பொருள்: 7.40 பஸ் 8.25-க்கும் வராதது தொடர்பாக. ஐயா, வணக்கம்.” நான் பழக்கதோஷத்தில் எழுதினேன், படித்தவர்கள் நையாண்டி என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு அதுவே என் பாணியாகிவிட்டது.

எந்தச் சூழலில் பயன்படுத்தினேன் என்பதைச் சொல்லாமல் மதிப்புரை எழுதுவது முறையாகாது. கடையில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவிலுள்ள ஒன்றரை அடி. மூடுபனி இறங்கினால் அதுவும் ஒரு அடியாகச் சுருங்கும். டிசம்பர், ஜனவரியில் கையுறை போட்டால் தொடுதிரை கேட்காது, கழற்றினால் விரல் கேட்காது. அந்த இரண்டு மாதமும் என் பதிவுகள் குறுகிப்போகும். சொற்சிக்கனம் என்று ஒருவர் பாராட்டினார். குளிர் என்று நான் சொல்லவில்லை.

ட்விட்டர் எனக்குச் சரிப்படவில்லை. அப்போது ஒரு பதிவுக்கு 140 எழுத்து. அது என்ன கணக்கு என்பது பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்குப் புரிய நாளாகும். ‘கொழுந்து’ என்றால் நமக்கு நான்கு எழுத்து. அங்கே க ஒன்று, அதன் கொம்பும் காலும் சேர்த்து ஒன்று, ந ஒன்று, அதன் தலையிலுள்ள புள்ளி தனியாக ஒன்று. ஆக மொத்தம் எட்டு. இலக்கணம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான் கொடுத்தது. அங்கே அதற்கு இரண்டு இடம். 2017 நவம்பரில் 280 ஆக்கினார்கள். அதற்குள் நான் முகநூலிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டேன்.

தொடக்க ஆண்டுகளில் பயமும் இருந்தது. 2012-இல் புதுச்சேரியில் ஒருவர் ஒரு ட்விட்டர் பதிவுக்காகக் கைதானார். செய்தியை வாசித்துவிட்டு என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. செய்தித்தாளை மடித்து என் கணினி விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கைதுக்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வேறு பிரிவுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் அன்று இரவு சாலைக் குழி பற்றி மூன்று பதிவுகள் போட்டேன்.

அந்தக் குழிப் பதிவுகளில் ஒன்றுதான் இந்த 13 ஆண்டுகளில் எனக்கு அதிகம் உழைத்தது. ஆண்டுதோறும் அதே தேதியில் பழைய பதிவை முகநூல் நினைவூட்டும் அல்லவா? 2015-இல் எழுதியதை 2018-இல் அப்படியே பகிர்ந்தேன், 2022-இலும் பகிர்ந்தேன். இடையில் 2021-இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. என் பதிவில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2018-இல் என்னை எதிர்க்கட்சி ஆள் என்று திட்டியவரே 2022-இல் ‘சரியாகச் சொன்னீர்கள் சகோதரி’ என்று கருத்திட்டிருந்தார். எதிர்த்தரப்பிலும் அப்படியே ஒருவர் இடம் மாறியிருந்தார். இருவருக்கும் விருப்பக்குறி போட்டேன்.

நன்றாக வேலை செய்வது வீட்டுச் சிரிப்பு. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையும் கட்டினார்கள். அரசுப் பேருந்தில் வருபவருக்கு இ-பாஸ் வேண்டாம். நான் எழுதியது: “கீழேயிருந்து காரில் வரும் நாத்தனாருக்கு இ-பாஸ் உண்டு. பஸ்ஸில் வரும் மாமியாருக்குக் கிடையாது. சட்டத்தில் இந்த ஓட்டை எப்படி வந்தது?” மாமியார் முகநூலில் இல்லை. நாத்தனார் இருக்கிறார். இரவு உணவின்போது அத்தை கேட்டார்: “நான் ஓட்டையா?” அதுவே மறுநாள் பதிவானது. அதற்கு அவரே அனுமதி தந்தார், படத்தில் புதுப் புடவையோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்.

கரடியும் கைவிடாது. கீழே இருப்பவர்களுக்குச் ‘சிவபூஜையில் கரடி’ ஒரு பழமொழி. எங்களுக்கு அது இரவு நிகழ்ச்சி நிரல். விளக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயைக் குடிக்கக் கோயில் கதவைப் பிரித்துக்கொண்டு வரும். ஒரு தேர்தல் ஆண்டில் எழுதினேன்: “நேற்று இரவு எங்கள் தெருவுக்கு நேரில் வந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, கோயிலில் வழிபட்டுச் சென்ற முதல் பிரமுகர் கரடியார். வாக்குறுதி எதுவும் தரவில்லை.” இதற்கு எந்தக் கட்சிக்காரரும் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னைச் சொல்லவில்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தது 2019 மே மாத இறுதியில். கட்டுமானப் பொறியியல் பக்கம் ஒன்றில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம்மவர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், அது நேசமணியின் தலையில் விழுந்த கதையையும் சொல்லிவிட்டார். வடிவேலு எப்போதோ நடித்த பாத்திரத்துக்காக நாடே பிரார்த்தித்தது. பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்ற மே 30 அன்றும் ட்விட்டரில் உலக அளவில் நேசமணிதான் முன்னணியில் இருந்தார். என் கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் மிகுந்த கவலையோடு, “எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டார். தேர்தல் முடிந்து ஊரே இரண்டாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்த வாரம் அது. அந்த இரண்டு நாள் மட்டும் இரு தரப்பும் ஒரே ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிக்கொண்டன.

இனிக் குறைகள். ஒரு ஜனவரியில் ‘இந்தக் குளிர் கொல்கிறது’ என்று எழுதினேன். வன்முறையைத் தூண்டுவதாக அந்தப் பதிவை நீக்கிவிட்டார்கள். எந்தத் தளம் என்பது வேண்டாம். மேல்முறையீடு செய்தேன், அதை மட்டும் முறையான மனுவாகவே எழுதினேன். ஆறாம் நாள் பதிவு திரும்பி வந்தது. அன்று நல்ல வெயில்.

உறவினர் வாட்ஸ்அப் குழுவில் என் கணக்கு நஷ்டம்தான். 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த வாரத்தில், புதிய 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, நிலத்தடியில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று ஒரு வதந்தி ஓடியது. சித்தப்பா அதைக் குழுவில் போட்டார். நான் சும்மா இருந்தேன். 2023 மே மாதம் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்த அன்று என்னால் இருக்க முடியவில்லை. “சித்தப்பா, நோட்டுகள் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்று சிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று எழுதினேன். முப்பது பேர் சிரித்தார்கள். சித்தப்பா குழுவிலிருந்து வெளியேறினார். ஆறரை ஆண்டு காத்திருந்து சொன்ன நகைச்சுவை. அதற்கு விலையாக அந்த ஆண்டு தீபாவளிக்கு அவர் வீட்டு அதிரசம் வரவில்லை. அவர் செய்யும் அதிரசத்துக்கு அந்தச் சிரிப்பு ஈடில்லை.

தேயிலை விலை பற்றி எழுதினால் சிரிப்பு வராது. எழுதிப் பார்த்தேன். நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தூள். 2023 செப்டம்பரில் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டுச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தபோது, “ஒரு கிலோ இலை பறித்துக் கொடுத்து ஒரு டீ குடித்தேன், பாக்கி இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் கொடுத்தார்கள்” என்று போட்டேன். கீழேயிருந்து நிறையச் சிரிப்புக்குறிகள் வந்தன. எங்கள் ஊரிலிருந்து ஒன்றுகூட இல்லை. மாலையில் அதை எடுத்துவிட்டேன்.

கையைச் சுட்ட கதை தெருவிளக்குடையது.

எங்கள் தெருவிளக்குகள் பகலில் எரிந்து இரவில் அணைந்தன. ஒரு ஆனி மாதம், காற்றும் மழையும். நான் எழுதினேன்: “மலையிலேயே காலையில் சரியாக வேலைக்கு வந்து, மாலையில் சரியாக வீட்டுக்குப் போகும் ஒரே ஊழியர் எங்கள் தெருவிளக்கு.” 412 விருப்பக்குறிகள், எனக்கு அதுதான் உச்சம். கருத்துப் பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. சம்பளம் வாங்கித் தூங்குகிறார்கள் என்றார் ஒருவர். இன்னொருவர், விளக்குப் பழுது பார்க்கும் பையன் டீக்கடையில் உட்கார்ந்திருந்ததைப் படமெடுத்துப் போட்டார். முகம் தெளிவாகத் தெரிந்தது. அதை நான் பார்த்தேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. அழிக்கவில்லை.

நான்காம் நாள் அவன் கடைக்கு வந்தான். அம்மாவின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, இரண்டு பிரதி. வெளியே பைக்கில் ஏணி கட்டியிருந்தது. அதன் நடுப்படி ஒன்று உடைந்து, நைலான் கயிறு சுற்றியிருந்தது. நான்கு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

“அக்கா, அந்த விளக்குக்கு டைமர் இருக்கிறது. கரண்ட் போனால் டைமரும் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று மணி நேரமாகப் போய்ப் போய் வருகிறது. ஒரு வாரத்தில் அதற்குப் பகல் இரவாகிவிடும்.”

“நீ திருப்பி வைக்க முடியாதா, தம்பி?”

“வைக்கிறேன். மறுபடி போகிறது. பேட்டரி உள்ள டைமர் வேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? பொதுமக்களிடமிருந்து மனு வரட்டும் என்கிறார்கள்.”

மனு எழுதுவதே தொழிலாக இருக்கும் கடையில் நின்று அவன் இதைச் சொன்னான். பதிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் போனதும் அந்தப் படத்தை அழித்தேன். நான்கு நாள் தாமதம்.

அன்றே மனு தட்டச்சு செய்து மேசைமேல் வைத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள்: மின்கல வசதியுள்ள டைமர் பொருத்துவது தொடர்பாக. பதிவுக்குச் சிரித்த 412 பேரில் பாதிப் பேராவது எங்கள் சுற்று வட்டாரத்தவர்கள். ஒரு வாரத்தில் விழுந்த கையெழுத்துகள் ஒன்பது. அதில் ஒன்று என்னுடையது. ஒன்று அத்தையுடையது, எதற்கு என்று கேட்காமலே போட்டார். ‘அதான் அன்றைக்கே லைக் போட்டேனே’ என்று ஒருவர் உண்மையிலேயே வியப்போடு சொன்னார். சிரித்தபோதே அவருடைய கோபம் வடிந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் வடிந்திருந்தது. அந்தப் பையன் வராவிட்டால் மேசையில் அந்தத் தாள் இருந்திருக்காது.

ஒன்பது கையெழுத்தோடு மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்திரை குத்திய எழுத்தர் பொருளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “ஓ, அந்த விளக்கா?” என்று சிரித்தார். மனுவைக் குவியலில் போடாமல் தனியாக எடுத்து வைத்தார். ஆகவே பதிவு வீண் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது நான் பயன்படுத்தும் முறை கொஞ்சம் மாறியிருக்கிறது. கிண்டல் எழுதினால், அதில் வருபவர் நாளை இரண்டு பிரதி எடுக்க வந்து எதிரில் நின்றால் படித்துக்காட்ட முடியுமா என்று பார்க்கிறேன். முடியாதவை வரைவிலேயே கிடக்கின்றன. அவற்றில் சில மிக நன்றாக வந்தவை, அதுதான் வருத்தம். ஊர்க் குறை பற்றிய பதிவு என்றால் கடைசி வரியில் ‘மனு மேசைமேல் இருக்கிறது’ என்று சேர்க்கிறேன். விருப்பக்குறிகள் குறைந்துவிட்டன. கையெழுத்து சென்ற முறை முப்பத்தொன்று.

புது டைமர் ஐப்பசியில் வந்தது. பொருத்திய இரவு பதினொரு மணிக்கு அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். மூடுபனியில் மஞ்சள் வெளிச்சம், கோயில் படிக்கட்டு, படிக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கரடி. கீழே எழுதியிருந்தான்:

“அக்கா, விளக்கு எரிகிறது. முதல் பயனாளி வந்துவிட்டார்.”