சோக்கை விட்டால் நின்றுபோகும் ஜெட் ஸ்கீ: சில கோடைகளின் பயன்பாட்டு அனுபவம்

கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள சிம்கோ ஏரியில் பல கோடைகளாக நான் ஓட்டிவருவது, 1990களின் பிற்பகுதியில் வெளிவந்த, இரண்டு சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீ, அதாவது ஏறி உட்கார்ந்து ஓட்டும் சிறு நீர்வண்டி. இதில் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் கிடையாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க, சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு மிக்குனி டயஃப்ரம் கார்புரேட்டர்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1996இல் வகுக்கப்பட்ட படகு எஞ்சின்களுக்கான மாசு விதிகள் 1998 முதல் 2006 வரை படிப்படியாக இறுகியதால், இவ்வகை எஞ்சின்கள் புதிய வண்டிகளிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆகவே இன்று கைமாறுபவை வயதானவை. மாற்றப்படாதிருந்தால் அவற்றின் பெட்ரோல் ஹோஸ்களுக்கும் ஓ-ரிங்குகள் எனும் ரப்பர் வளையங்களுக்கும் அதே வயதுதான்.

வண்டியின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை குறைவு, திருப்பத்தில் கை சொன்னபடி கேட்கும், உதிரிபாகங்கள் இன்னும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன, ஒரு சாதாரண ஸ்பேனர் பெட்டியோடு எஞ்சினின் பெரும்பகுதியை எட்டிவிடலாம். பெட்ரோலைக் குடிக்கும், புகையும் உண்டு. அதை அறிந்துதான் வாங்கினேன்.

தொல்லை கொடுத்தது எஞ்சின் நிலைத்து ஓடாததுதான். சோக்கை இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகும். விட்டதும் தடுமாறி நின்றுவிடும். த்ராட்டிலைச் சற்று அழுத்திப் பிடித்தால் ஓடும், முழுதாக அழுத்தினால் மூச்சு முட்டி வேகம் இறங்கும். சோக் காற்றைத் தடுக்கிறது. காற்றைத் தடுத்தால் மட்டுமே எஞ்சின் ஓடுகிறதென்றால், அதற்குக் கிடைக்கும் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இதைக் காட்டிய பணிமனையில் கார்புரேட்டரின் லோ-ஸ்பீடு ஸ்க்ரூவை இன்னும் சற்றுத் திறந்துவிட்டு, 'டியூனிங்' என்று பில் போட்டார்கள். ஐட்லிங் (த்ராட்டிலைத் தொடாதபோதுள்ள ஓட்டம்) நன்றாகத்தான் நின்றது. ஆனால் அந்த ஸ்க்ரூவின் ஆட்சி ஐட்லிங்கையும் அதற்குச் சற்று மேலான வேகத்தையும் தாண்டாது. முழு த்ராட்டிலில் பெட்ரோல் பற்றாக்குறை அப்படியே இருக்கும். அந்நிலையில் நெடுந்தூரம் விரட்டினால் பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும், அல்லது அதன் தலையில் ஓட்டை விழும். நோயை மறைத்துவிட்டு எஞ்சினைக் காவு கொடுக்கும் இந்த வைத்தியத்தை நான் சற்றும் ஏற்பதில்லை.

காரணத்தைத் தேடுமுன், எளிதில் விலக்கக்கூடியவற்றை விலக்கினேன். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் சாவி சரியாகப் பொருந்தியிருந்தது. இரண்டு பிளக்குகளிலும் நல்ல நீலப்பொறி வந்தது. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், இரு சிலிண்டர்களிலும் 150 பிஎஸ்ஐ-யை ஒட்டி, ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. இந்த அளவு 120க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, இரண்டுக்கும் இடையில் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ, கார்புரேட்டரைத் தொடுவது வீண் வேலை.

அடுத்து டேங்கிலிருந்து தொடங்கி எஞ்சினை நோக்கி வந்தேன். டேங்கினுள் காற்றை விடும் ஒருவழி வால்வு அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுபோகும். எஞ்சின் திணறும்போது மூடியைத் திறந்தால் காற்று 'உஸ்' என்று உள்ளே இழுபடுவதைக் கொண்டு இதைக் கண்டுகொள்ளலாம். என் வண்டியில் அது இல்லை. கார்புரேட்டரைக் கழற்றி, அதனோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பின் மூடியைத் திறந்தபோதுதான் விடை கிடைத்தது. விரல்நுனி அளவுள்ள வலை வடிகட்டி ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் கண்கள் முழுவதும் பச்சை நிறத்தில், ஆறிய கூழ்போன்ற பசையால் மூடிக்கிடந்தன. பழைய சாம்பல் நிற ஹோஸ்களின் உட்சுவர் பெட்ரோலில் ஊறிச் சிதைந்து உருவாகும் பசை அது. வெளியே பார்த்தால் ஹோஸ் பளபளப்பாகவே இருக்கும். ஒரு துண்டை நீளவாக்கில் கீறிப் பார்த்தால்தான் உள்ளே படிந்திருப்பது தெரியும். வடிகட்டியை மட்டும் கழுவிவிட்டு ஹோஸை விட்டுவைப்பவர்கள், சிறிது காலத்திலேயே மறுபடியும் கார்புரேட்டரைக் கழற்ற நேரிடும். கால் அங்குல கறுப்பு பெட்ரோல் ஹோஸை வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். இரு கார்புரேட்டர்களுக்கும் டயஃப்ரம், கேஸ்கட், ஊசி வால்வு புதிதாகப் போட்டேன்.

அதன் பிறகும் தடுமாற்றம் முழுமையாகத் தீரவில்லை. இந்த வண்டியில் பம்ப் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. ஆகவே இடையில் எங்கேனும் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே புகும். தரையில் ஈரம் இல்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. கார்புரேட்டருக்குச் சற்று முன்னால் கண்ணாடிபோன்ற குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகச் செருகி ஓட்டிப் பார்த்தேன். சிறு காற்றுக் குமிழ்கள் சரம்சரமாக ஓடின. மெயின், ரிசர்வ் என்று திருப்பும் பெட்ரோல் வால்வைத் தவிர்த்து ஹோஸை நேராக இணைத்ததும் குமிழ்கள் நின்றன. அதன் ஓ-ரிங் இறுகிச் சுருங்கியிருந்தது. புதிய வால்வு மாட்டியபின் சோக்கை விட்டும் எஞ்சின் நிற்கவில்லை.

லோ-ஸ்பீடு ஸ்க்ரூவை ஒரு சுற்றில் வைத்து, ஐட்லிங்கை வண்டி தண்ணீரில் மிதக்கும்போதே சரிசெய்தேன். தண்ணீரில் நிமிடத்துக்குச் சுமார் 1500 சுழற்சியில் நிற்கும் எஞ்சின், நீரைப் பின்னால் தள்ளும் இம்பெல்லருக்குச் சுமை இல்லாததால் டிரெய்லரில் 3000 வரை போகும். டிரெய்லரில் அதைக் குறைத்து வைத்தால் ஏரியில் இறக்கியதும் நின்றுவிடும். வீட்டு வாசலில் குழாய்த் தண்ணீர் கொடுத்துச் சோதிப்பவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும், தண்ணீரை மூடிய பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். இல்லையேல் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும்.

குளிரில் நன்றாக ஓடி, சூடான பிறகே நிற்கும் வண்டிகளுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் ஸ்டேட்டரையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். த்ராட்டிலைத் தொடாமலேயே சுழற்சி தானாக ஏறி இறங்கினால் கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள சீல் வழியே காற்று புகுகிறதா என்று பார்க்கலாம், அது செலவு பிடிக்கும் வேலை.

பழுது தீர்ந்தபின் கழிந்த கோடைகளில் வண்டி மறுபடி இப்படி நிற்கவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலைக் கூடியவரை தவிர்க்கிறேன்; செப்டம்பர் முடிவில், பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டிவிட்டே மூடிவைக்கிறேன். இத்தகைய வண்டியை வாங்க நினைப்பவர்கள் விலை பேசுமுன் இருக்கையைத் தூக்கி ஹோஸின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறமாக இருந்தால், ஹோஸ், இரண்டு கார்புரேட்டர் கிட், மெயின்-ரிசர்வ் வால்வு ஆகியவற்றின் விலையைக் கழித்துக்கொண்டே பேரம் பேசுங்கள். விற்பவர் கம்ப்ரஷன் பார்க்க விடவில்லை என்றால் வேறு வண்டி தேடுங்கள்.