கடிதம் அடிக்கும் கடையில் லிப்ரே ஆபிஸ் ரைட்டர்: ஆறு வருஷப் பழக்கம்

ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் நடத்துகிறேன். போட்டோகொப்பி, லெமினேட்டிங், இடையிடையே கடிதம் அடித்துக் கொடுப்பது. மைக்ரோசொஃப்ட் வேர்டுக்கு லைசன்ஸ் வாங்கக் காசில்லாமல், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் போட்டவன் நான். அதில் கடிதம் அடிக்கும் பகுதிதான் ரைட்டர். இப்போது காசு இருந்தாலும் மாற மாட்டேன்.

"தம்பி, பேர்ல ஒரு எழுத்து மாறிப் போச்சாம், கடுதாசி ஒன்னு அடிச்சுக் குடுங்க" என்று தோட்டத்திலிருந்து யாராவது வராத வாரம் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் அது பிடிபடும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி கேட்பார்கள். முன்பெல்லாம் நேற்று அடித்த பைலையே திறந்து, பெயரை மட்டும் மாற்றி பிரிண்ட் எடுப்பேன். ஒரு தடவை மூன்று இடத்தில் மாற்றிவிட்டு நாலாவதை விட்டுவிட்டேன். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த அம்மா, கையெழுத்து வாங்க சமாதான நீதவான் வீடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். ஏசவில்லை. "இது யாரு பேரு தம்பி?" என்றுதான் கேட்டார்.

அன்று ராத்திரியே டெம்ப்ளேட், அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மாதிரிக் கடிதம், செய்ய உட்கார்ந்தேன். கண்ட்ரோல் எப்2 அழுத்தினால் வரும் பெட்டியில் 'வேரியபிள்ஸ்' பக்கம் போய், 'யூசர் ஃபீல்ட்' என்பதில் பெயருக்கு ஒன்று, அடையாள அட்டை இலக்கத்துக்கு ஒன்று என்று செய்துகொண்டேன். பெயர் வரவேண்டிய எல்லா இடத்திலும் அதே ஃபீல்டைச் செருகிவிட்டால், ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களிலும் மாறிவிடும். அதை ஓ.டி.டி. (.ott) டெம்ப்ளேட்டாகச் சேமித்தால், இரண்டு தடவை கிளிக் பண்ணும்போது புதுக் கடிதமாகத்தான் திறக்கும். பழையதன் மேல் எழுதிவிடும் பயம் இல்லை.

திகதியில் மட்டும் ஏமாந்தேன். தானாக மாறும் திகதியைச் செருகியிருந்தேன். மூன்று மாதம் கழித்துக் கொப்பி கேட்டு வந்தவருக்குத் திறந்தால், கடிதத்தில் அன்றைய திகதி நிற்கிறது! இப்போது மாறாத திகதியைத்தான் போடுகிறேன், அதற்கு நான் வைத்த ஷோர்ட்கட் கண்ட்ரோல் 3. ஒன்றும் இரண்டும் விலாசத்துக்கும் விடயத்துக்குமான ஸ்டைல்கள். 'கஸ்டமைஸ்' பெட்டியின் 'கீபோர்ட்' பக்கத்தில் இதையெல்லாம் மாற்றலாம். முதலில் அந்த மூன்றும் தலைப்பு ஸ்டைல்களாக இருந்தன. கடிதத்துக்கு எதற்குத் தலைப்பு? இப்படி இருபதுக்கு மேல் ஷோர்ட்கட் வைத்துப் பார்த்தேன், விரலில் தங்கியது ஐந்தாறுதான்.

டூல்பார் கதை அதைவிட மோசம். ஆசை ஆசையாக அடுக்கிய ஐகன்களை ஒவ்வொன்றாக நானே கழற்றிவிட்டேன்.

பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்திருக்கும் பழைய ஃபொண்டில், அடிப்பவர்கள் முதல் வேலையாக ஆட்டோகரெக்டில் வசன முதலெழுத்தைப் பெரிதாக்கும் தெரிவை நிறுத்துங்கள். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. 'அம்மா' என்று தொடங்கினால் 'ஆம்மா' என்று வந்து நிற்கும். யுனிகோடில் வேறு தொல்லை. ஸ்டைலில் எழுத்தின் அளவை மாற்றியும் தமிழ் அசையவில்லை என்றால், நீங்கள் ஆங்கிலத்துக்கான அளவை மாற்றியிருக்கிறீர்கள். தமிழுக்கு 'சி.டி.எல்.' என்று தனிப் பகுதி இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் போனது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆட்டோடெக்ஸ்ட்டை மட்டும் யார் கேட்டாலும் செய்யச் சொல்வேன். இரண்டு எழுத்தைத் தட்டி எப்3 அழுத்தினால் பிரதேச செயலக விலாசம் முழுதாக விழும். அம்பகமுவவின் கீழ் இருந்த சில தோட்டங்கள் நோர்வூட் பிரதேச செயலகத்துக்குப் போனபோதும் ஒரேயொரு பதிவைத்தான் சேர்த்தேன்.

2022 மின்வெட்டில் யூ.பி.எஸ். பற்றரியும் செத்துப்போய், ரைட்டர் திறந்திருக்கும்போதே மெஷின் நின்றது. கரண்ட் வந்து திறந்தால் ஷோர்ட்கட், ஆட்டோடெக்ஸ்ட் எதுவுமில்லை, புதிதாகப் போட்டது போல் இருந்தது. டெம்ப்ளேட்டுகளை டி டிரைவில் வைத்திருந்ததால் அவை தப்பின. மற்றதையெல்லாம் திரும்பச் செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அதிலிருந்து மாதக் கடைசியில் விண்டோஸின் ஆப்டேட்டா (AppData) ஃபோல்டருக்குள், இந்த அமைப்புகளெல்லாம் இருக்கும் லிப்ரே ஆபிஸின் 'யூசர்' ஃபோல்டரைப் பென்டிரைவில் கொப்பி பண்ணி வைக்கிறேன். போன வருஷம் வாங்கிய இரண்டாவது மெஷினுக்கும் அந்த ஃபோல்டரையே போட்டேன். கடைப் பையன் இப்போது எதில் உட்கார்ந்தாலும் கண்ட்ரோல் 3 அடித்தால் திகதி விழுகிறது.