மலைப்பாதை விதிகள்: தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் – எது தேவலை?

மேற்குத் தொடர்ச்சி மலை ஒன்றுதான். ஆனால் எந்த மாநிலத்துப் பக்கமிருந்து ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து விதி மாறிவிடுகிறது. தமிழ்நாட்டு வனத்துறை வழிகாட்டியைக் கூடவே அனுப்புகிறது. கர்நாடகம் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைக்கிறது. கேரளத்தில் அகத்தியர்கூடம் சிகரத்துக்கு ஆண்டுக்குச் சில வாரம் மட்டும்தான் கதவு திறக்கும். மூன்றுமே கடந்த சில ஆண்டுகளில் திருத்தியோ புதிதாகவோ வந்த ஏற்பாடுகள். இனியும் திருத்துவார்கள். அதனால் எது எதற்கு உதவுகிறது என்று இப்போதே பேசிவிடுவது நல்லது.

தமிழ்நாட்டு விதியைக் குரங்கணியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த தீயில் 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள், அதில் பெண்கள் நிறைய. வனத்துறை அனுமதிக்காத பாதையில் இறங்கியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மார்ச்சில் அந்தச் சரிவு முழுக்கக் காய்ந்த புல். காற்று அடித்தால் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. எந்தப் பக்கம் ஓடினால் பாறை, எந்தப் பக்கம் பள்ளம் என்பது அந்த மலையிலேயே வளர்ந்த ஆளுக்குத்தான் தெரியும்.

அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் தொடங்கியது. குரங்கணி – சாம்பலாறு பாதையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பழங்குடி இளைஞர்களையும் காட்டோரக் கிராமத்துப் பிள்ளைகளையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக எடுத்தார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மலையைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறதோ அவர்கள் கைக்கே கூலியும் போகிறது.

கட்டணம்தான் உறுத்தல். தொடங்கியபோதே அதிகம் என்று பலரும் சொன்னார்கள், பிறகு குறைத்தார்கள். குறைத்த பிறகும் நாலு பேர் உள்ள குடும்பம் யோசித்துத்தான் கிளம்ப வேண்டும். தேனியிலோ தென்காசியிலோ கல்லூரியில் படிக்கிற பிள்ளை, தன் ஊர் மலையில் நடக்கப் பெருநகரத்து ஐ.டி. ஊழியர் கொடுக்கும் அதே தொகையைக் கொடுக்க வேண்டுமென்றால் அது சரியில்லை. காட்டைக் காப்பாற்றக் கூட்டத்தைக் குறைக்கலாம். பணத்தை வைத்துக் குறைத்தால் வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே மலை மிஞ்சும்.

கர்நாடகம் வேறு வழியில் வந்தது. 2024 ஜனவரி இறுதியில், குடியரசு தின விடுமுறையை ஒட்டி, குக்கே சுப்ரமண்யாவிலிருந்து குமார பர்வதம் ஏற ஒரே நேரத்தில் வந்து குவிந்த கூட்டத்தின் வீடியோ பரவியது. அடிவாரத்தில் திருவிழாக் கூட்டம்போல ஆளோடு ஆள் ஒட்டி நின்றார்கள். பாதி வழியில் பட்டர் வீடு என்று ஒரு வீடு உண்டு, ஏறுகிறவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கும். அத்தனை பேரை அந்த வீடும் மலையும் எப்படித் தாங்கும்? வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே, ஆன்லைன் பதிவு இல்லாத மலையேற்றங்களை நிறுத்தச் சொன்னார். பிறகு ‘ஆரண்ய விஹாரா’ என்ற முன்பதிவு இணையதளம் வந்தது. ஒரு பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர் என்று உச்சவரம்பு.

இதில் நல்லது, எண்ணிக்கை எல்லாருக்கும் பொது. முந்தினவருக்கு இடம், அவ்வளவுதான். ஆனால் எல்லாப் பாதைக்கும் 300 என்பது எனக்கு ஒப்பவில்லை. அகலமான ஜீப் தடமும் ஒற்றையடிப் பாதையும் ஒரே அளவு ஆளைத் தாங்காது. தண்ணீர் எங்கே இருக்கிறது, இரவு தங்க இடம் உண்டா, ஒருவர் காலை உடைத்துக்கொண்டால் தூக்கி வர எத்தனை மணி நேரம் ஆகும், இதையெல்லாம் வைத்துப் பாதைக்குப் பாதை எண்ணிக்கை போட வேண்டும்.

அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். பொதிகையின் அந்தச் சிகரம் தமிழர்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் நாமும் திருவனந்தபுரம் போய், போனக்காடு வழியாகத்தான் ஏற வேண்டும். சீசன் பெரும்பாலும் ஜனவரி நடுவில் தொடங்கும், முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடும். பெண்களை விடாமலிருந்த வழக்கம், 2018இல் கேரள உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2019 சீசனில் முடிவுக்கு வந்தது. அங்கே வாழும் காணிப் பழங்குடி மக்களில் பலர் அதை எதிர்த்தார்கள். நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த மக்களை முன்னமே உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். காட்டுக்கு நிஜமான ஓய்வு கொடுப்பது, மூன்றிலும், சில வாரம் மட்டும் திறக்கும் இந்த விதிதான். ஆண்டில் பெரும்பகுதி அந்தப் பாதையில் சுற்றுலாக்காரர் கால் படுவதில்லை.

இந்த மூன்று ஏற்பாட்டுக்கும் வெளியே வெள்ளியங்கிரி இருக்கிறது. கோவை பூண்டியிலிருந்து ஏழு மலை, பிப்ரவரி முதல் மே வரை பக்தர் கூட்டம். அடிவாரத்தில் பையைச் சோதித்து, தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் கைக்கு வந்துவிடும். சின்ன ஏற்பாடுதான், ஆனால் அபராதப் பலகைகளை விட இதற்குப் பலன் அதிகம். மற்ற எல்லாப் பாதையிலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உடல்நிலை விஷயத்தில் மட்டும் அங்கே இன்னும் கண்டிப்பு வேண்டும். 2024 சீசனில் மூச்சுத்திணறியும் நெஞ்சுவலியிலும் பலர் இறந்தார்கள்.

என்னைக் கேட்டால், அடுத்த திருத்தத்தில் தமிழ்நாட்டு வழிகாட்டி முறையை அப்படியே வைத்துக்கொண்டு, கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கட்டணத்திடமிருந்து எடுத்து எண்ணிக்கையிடம் கொடுக்க வேண்டும். அந்தந்த மாவட்ட மாணவர்களுக்குத் தனி இடமும் சலுகைக் கட்டணமும் வேண்டும். தீக்காலத்தில் பாதையை மூடுவதைக் காலண்டர் தேதியை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. மழை பொய்த்த ஆண்டில் ஜனவரியிலேயே புல் காய்ந்துவிடும். அதைப் பார்த்துச் சொல்லும் அதிகாரம் அந்தச் சரகத்து வனச்சரகருக்கு இருக்க வேண்டும்.

இன்னொன்று, பாதையோரத்து ஊர்கள். கொடைக்கானல் வட்டக்கானல் – வெள்ளகவி பாதையும் ‘ட்ரெக் தமிழ்நாடு’ பட்டியலின் 40இல் ஒன்று. நமக்கு அது ஒரு நாள் நடை. வெள்ளகவிக்காரர்களுக்கு அரிசி மூட்டையும் நோயாளியும் போய்வந்த வழி. ஊருக்குள் செருப்புப் போடாத வழக்கம் அங்கே உண்டு, போகிறவர்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பதிவுசெய்யும்போதே இந்த மாதிரி ஊர் வழக்கங்களைத் தமிழில் நாலு வரி அச்சடித்துக் கொடுக்க வேண்டும். விதியைத் திருத்தும் கூட்டத்துக்கு அந்த ஊர்ப் பெரியவர்களையும் பெண்களையும் கூப்பிட வேண்டும். கூட்டத்தைக் கொடைக்கானலில் போடாமல் வெள்ளகவியிலேயே போட்டால், வருகிற அதிகாரிகளும் ஒரு தடவை அந்தப் பாதையில் நடந்து பார்த்துவிடுவார்கள்.