ஒரே ஊரில் தங்கி டிராக்கன்ஸ்பர்க் முழுக்கப் பார்க்கலாமாம்: 9,800 ராண்ட் போச்சு

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடருக்கு (சுருக்கமாகப் பெர்க்) வாட்ஸ்அப்பில் "நீங்களே ஓட்டிப் போகலாம்" வகைப் பயணத் திட்டம் விற்கும் டர்பன் முகவர் ஒருவரிடம் 9,800 ராண்ட் கட்டி ஏமாந்தாயிற்று. பேரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டல் வந்துவிட்டது. பேர் எதற்கு? விற்கிற பொய்யைச் சொன்னாலே போதும், இதே பொய்யை இன்னும் நாலு பேர் விற்கிறார்கள்.

திட்டம் இதுதான். நாலு பேர், மூன்று இரவு, ஏப்ரல் 24 முதல் 27 வரை நீள வாரக்கடைசி. வின்டர்ட்டன் பக்கம் ஒரு பண்ணை வீடு. அங்கிருந்து ஒரு நாள் ராயல் நேட்டல் பூங்கா, ஒரு நாள் சானி பாஸ் என்கிற மலைக்கணவாய், திரும்பும் வழியில் காம்பர்க் பாறை ஓவியம். "எல்லாமே முக்கால் மணி நேரம்தான் அண்ணா." கூடவே ஒரு வரைபடம். நடுவில் வீடு, சுற்றி ஒரு சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் எல்லா ஊரும். அந்த வரைபடத்தில் ஒரு சாலைகூட இல்லை என்பது பணம் போன பிறகுதான் கண்ணில் படுகிறது.

நம்பிய இடம் எது தெரியுமா? ஒரு வாய்ஸ் நோட். "மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில் திருவிழாவுல நிக்கிறேன் அண்ணா, பின்னாடி மேளம் கேக்குதா? நம்ம ஆளுங்களுக்கு மட்டும் இந்த விலை. இன்னிக்கு ராத்திரிக்குள்ள பி.ஓ.பி. (பணம் கட்டின அத்தாட்சி) அனுப்பிடுங்க, இன்னொரு குடும்பம் கேட்டுட்டு இருக்கு." மேளம் கேட்டது. பெரிய வெள்ளியன்று அந்தக் கோவிலில் மேளம் கேட்காமல் என்ன செய்யும்? அந்த மேளத்துக்குத்தான் 9,800 ராண்ட், முழுத்தொகையும் ஒரே தடவையில், இ.எஃப்.டி.யில் (நேரடி வங்கிப் பரிமாற்றத்தில்) போனது.

இப்போது அந்த வட்டத்துக்கு வருவோம். பெர்க் மலையின் அடிவாரத்தில் வடக்கு தெற்காக ஓடும் தார்ச்சாலை கிடையாது. செங்குத்துச் சுவரிலிருந்து ஆறுகள் கிழக்கு நோக்கி இறங்குகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு பள்ளத்தாக்கு, நடுவில் சிறு பெர்க் என்கிற முகடுகள். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு சாலை ஏறி, பூங்கா வாசலிலோ விடுதி வாசலிலோ முடிந்துவிடும். பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டுமானால் திரும்ப இறங்கி வந்து வேறு சாலை பிடித்து ஏற வேண்டும். தூரத்துப் பள்ளத்தாக்கு என்றால் என்3 நெடுஞ்சாலை வரைக்கும் வர வேண்டும். கை விரல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நுனியிலிருந்து கட்டைவிரல் நுனிக்கு உள்ளங்கை வழியாகத்தான் போக முடியும். ராயல் நேட்டலுக்கும் சானிக்கும் காக்கை பறக்கிற கணக்கில் சுமார் 100 கிலோமீட்டர். காரில் 250க்குக் குறையாது.

வின்டர்ட்டன் ஊரே பொய்யில்லை, அதுதான் இந்த மோசடியின் சாமர்த்தியம். ஆர்600 வழியாக ஷாம்பெய்ன் பள்ளத்தாக்கு, மாங்ஸ் கவுல், இன்னொரு பக்கம் கதீட்ரல் பீக், ஆர்74இல் பெர்க்வில் தாண்டி ராயல் நேட்டல். இத்தனைக்கும் வின்டர்ட்டன் நல்ல இருப்பிடம். ராயல் நேட்டலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும், பரவாயில்லை. ஆனால் டுகேலா பள்ளத்தாக்கு நடை போய்வர சுமார் 14 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். கோடையில் என்றால் பிற்பகல் இடிமழைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும், அதனால் காலை ஆறரைக்காவது நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த நடைதான் முக்கியம் என்றால் வின்டர்ட்டனைவிடப் பெர்க்வில் பக்கம் தங்குவதே சரி. 948 மீட்டர் டுகேலா அருவியை உச்சியிலிருந்து பார்க்க ஆசையா? அது வேறு கதை. ஆலிவியர்ஸ்ஹூக் கணவாய் ஏறி, ஃப்ரீ ஸ்டேட் பக்கம் புத்தாடிட்ஜபா வழியாக சென்டினல் கார் நிறுத்தத்துக்குப் போய், இரும்புச் சங்கிலி ஏணியில் ஏற வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் தனியாக வேண்டும்.

சானி பாஸோ தெற்கு. வின்டர்ட்டனிலிருந்து என்3இல் ஹோவிக் வரை இறங்கி, ஆர்617 பிடித்து அண்டர்பர்க், ஹிமெவில். போக மட்டும் மூன்றரை மணி நேரம். போன பிறகும் உங்கள் சின்ன வாடகைக் காரை ஏற விட மாட்டார்கள். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டி மேலே ஏற ஃபோர்-பை-ஃபோர் கட்டாயம். உச்சி 2,870 மீட்டருக்கு மேல், அது லெசோத்தோ. பாஸ்போர்ட் வேண்டும், வாடகை வண்டி என்றால் கம்பெனியின் எல்லை தாண்டும் அனுமதிக் கடிதம் வேண்டும், மாலை ஆறுக்குச் சாவடி மூடிவிடும். இந்தியாவிலிருந்து ஒருமுறை நுழைவு விசாவில் வந்திருக்கும் மாமியாரையோ தம்பியையோ ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி இறங்கும்போது சிக்கல். இதில் ஒரு வரிகூட முகவர் சொல்லவில்லை. சானிதான் வேண்டுமென்றால் அண்டர்பர்க்கிலோ ஹிமெவில்லிலோ தங்கி, அங்குள்ள ஃபோர்-பை-ஃபோர் பயணத்தில் உட்கார்ந்து போவதுதான் வழி.

காம்பர்க் இன்னும் அபத்தம். கேம் பாஸ் குகை ஓவியத்துக்கு வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, ஏறி இறங்க சுமார் மூன்று மணி நேரம், காலையிலேயே அங்கே இருக்க வேண்டும். "திரும்பும் வழியில்" எட்டிப் பார்க்கிற இடமில்லை. அதற்கு நாட்டிங்ஹாம் ரோடு அல்லது ரொசெட்டா பக்கம்தான் தோது. 95 மீட்டர் ஹோவிக் அருவி, 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா பிடிபட்ட ஆர்103 ஓரத்து நினைவிடம், மிட்லண்ட்ஸ் மண்பாண்டக் கடைகள் எல்லாம் அந்தப் பக்கமே. குழந்தைகளோடு இரண்டே இரவு என்றால் பெர்க்கை விட்டுவிட்டு இங்கேயே தங்கலாம். டர்பனிலிருந்து ஹோவிக் சுமார் 100 கிலோமீட்டர்தான்.

சரி, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் லொக்கேஷன் பின் வந்தது. வின்டர்ட்டன் இல்லை. மூய் ரிவர் என்கிற வேறு ஊருக்கு வெளியே ஒரு பண்ணை, கடைசி 14 கிலோமீட்டர் சரளைச் சாலை. கேட்டால், "அதுவும் பெர்க் பக்கம்தானே அண்ணா." வாடகைக் கார் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்: டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் நான்குக்கும் பெரும்பாலும் காப்பீடு செல்லாது. சரளைச் சாலையில் முதலில் போவது அந்த நான்கும்தான். மழை பெய்தால் அரித்து வைத்திருக்கும், மணிக்கு 40க்கு மேல் ஓட்ட முடியாது. ஒரு பேக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) அது சாலை, ஹேட்ச்பேக்குக்கு அது செலவு.

வின்டர்ட்டன் வீடே வேண்டும் என்றதற்கு "அப்கிரேடு 2,200 ராண்ட்". வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடு என்றதும் ஆரம்பித்தது. முதல் நாள், "ஜஸ்ட் நவ் கூப்பிடுறேன்." இந்த நாட்டில் ஜஸ்ட் நவ் என்றால் இப்போது இல்லை, எப்போதாவது என்று உங்களுக்கே தெரியும். மறுநாள், அக்கவுண்ட்ஸ் பெண் லீவாம். அதற்கு மறுநாள், "உங்க பி.ஓ.பி. மறுபடி அனுப்புங்க." அனுப்பியாயிற்று, மூன்றாவது தடவையாக. பிறகு வவுச்சர்: ஆகஸ்ட் கடைசி வரை செல்லும், நீள வாரக்கடைசியும் பள்ளி விடுமுறையும் நீங்கலாக! வேலைக்குப் போகிற மனுஷன் எந்த நாளில் போவான்? வவுச்சர் வேண்டாம், 9,800 ராண்ட் வேண்டும் என்று எழுதியதற்கு அந்த வக்கீல் மிரட்டல். அதன் பிறகு ஒற்றை டிக். பிளாக்.

வங்கியில் கேட்டால், நீங்களே அனுமதித்துக் கட்டிய இ.எஃப்.டி., வாங்கினவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்கிறார்கள். கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக், அதாவது வங்கி வழியாகப் பணத்தைத் திருப்பக் கேட்டிருக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் ஏழு நாளில் ரத்து செய்யலாமே என்று பலர் சொல்வார்கள். குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடத்துக்கு அந்த விதி பொருந்தாது. பொருந்துவது 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு: முன்பதிவை ரத்து செய்தால் நியாயமான கட்டணம் மட்டும்தான் பிடிக்கலாம், மொத்தத்தையும் விழுங்க முடியாது. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதற்கு 41ஆம் பிரிவு தனி. 14 நாள் கெடுவோடு கோரிக்கைக் கடிதம் போயிருக்கிறது. அடுத்தது சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம். 9,800 ராண்ட் அதன் வரம்புக்குள் அடங்கும், வக்கீல் தேவையில்லை. ஆனால் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்க முகவரி வேண்டுமே. வாட்ஸ்அப் எண்ணுக்கு ஏது கதவு? அந்தக் கதவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எந்த ஊர் யாருக்கு என்று பொறுமையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தது. கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது: பணம் கட்டும் முன் வீட்டின் லொக்கேஷன் பின் வாங்குங்கள், தராவிட்டால் விடுங்கள். அந்தப் பின்னிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் நீங்களே மேப்பில் நேரம் பாருங்கள், மேப் சொல்வதோடு மலைப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். கடைசி எத்தனை கிலோமீட்டர் சரளை என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்காரரிடமே நேரே பேசுங்கள். முழுத்தொகை கட்டாதீர்கள். இருட்டின பிறகு ஓட்டாதீர்கள், மாடு சாலையில் படுத்திருக்கும். என்3இன் டவுன் ஹில் ஏற்றத்தில் மூடுபனி என்றால் லாரிக்குப் பின்னால் ஒட்டாதீர்கள்.

இதை எழுதும்போதே ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். அதே சிவப்பு வட்டம், அதே "நம்ம ஆளுங்களுக்கு மட்டும்". ஜூன் 16 விடுமுறைக்காம். விலை இப்போது 10,400.