தண்டுவட நீரில் நைட்ரைட் அளக்க கிரீஸ் கிட் போதுமா?

செல் வளர்ப்பு ஊடகத்தில் நைட்ரைட் அளக்க கிரீஸ் (Griess) கிட், அதாவது நைட்ரைட் இருந்தால் நிறம் காட்டும் சோதனைக் கிட், அருமையான பொருள். ஓபியாய்டு பெப்டைடுகள் (உடலே சுரக்கும் அபின் போன்ற சிறு புரதங்கள்) மூளை ரத்த ஓட்டத்தை எப்படி மாற்றுகின்றன என்று, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்பவர்கள் மட்டும் யோசித்து வாங்க வேண்டும்.

பச்சிளம் பன்றிகளில் ஆக்சிஜன் குறையும்போது மூளை மேற்பரப்புத் தமனிகள் விரிகின்றன. அதில் எங்கெபலின்கள் என்ற ஓபியாய்டு பெப்டைடுகளுக்கும் பங்கு உண்டு, ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடு நொடிகளில் மறைந்துவிடும். அதன் மிச்சமான நைட்ரைட்டைத்தான் இந்தக் கிட் பிடிக்கிறது. சாதாரண கிட்டின் கீழ் எல்லை சுமார் 2 மைக்ரோமோலார். தண்டுவட நீரில் நைட்ரைட் பெரும்பாலும் அதற்கும் கீழே கிடக்கும். நைட்ரிக் ஆக்சைடு நைட்ரேட்டாகவும் மாறும். ஆகவே அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் என்சைமான நைட்ரேட் ரிடக்டேஸ் சேர்த்து வரும் கிட்டைத்தான் வாங்க வேண்டும். அது இல்லாத மலிவு கிட் இந்த வேலைக்குக் காசு வீண். ஆனால் நைட்ரேட்டையும் சேர்த்து அளந்தால் விலங்கு தின்ற தீவனமும் கணக்கில் ஏறும். எல்லா விலங்குகளுக்கும் ஒரே தீவனம், ஒரே பட்டினி நேரம் வைப்பது அவசியம்.

சோதனைத் தட்டின் ஒவ்வொரு குழிக்கும் மாதிரி 50 மைக்ரோலிட்டர், கிட்டின் முதல் கரைசலான சல்ஃபனிலமைடு 50. வெளிச்சம் படாமல் 5 முதல் 10 நிமிடம் விட்டு, பிறகு இரண்டாம் கரைசலான என்இடி (NED) 50. இரண்டையும் மாற்றி ஊற்றக் கூடாது: முதலில் நைட்ரைட்டும் சல்ஃபனிலமைடும் சேர்ந்து டையசோனியம் என்ற இடைப்பொருள் உருவானால்தான் என்இடி அதோடு இணைந்து ரோஜா நிறம் தரும். 540 நானோமீட்டர் ஒளியில், அரை மணி நேரத்துக்குள் படித்துவிடுங்கள்.

பெரிய வில்லன் ரத்தம். ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஆக்சிஹீமோகுளோபினின் ஒளி உறிஞ்சலும் 540-ஐ ஒட்டியே இருப்பதால், மாதிரியில் லேசாகச் சிவப்பு இருந்தாலே எண் பொய்யாக ஏறும். பெப்டைடு கொடுத்ததால் ஏறியது என்று நம்பத் தோன்றும். எடுத்தவுடன் மையவிலக்கியில் சுழற்றிப் பாருங்கள். மேல் நீரில் நிறம் தெரிந்தால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுவதே நல்லது. ஒவ்வொரு மாதிரிக்கும் என்இடி இல்லாத ஒரு குழி வைத்து அதைக் கழிக்கலாம்.

எதிர்த்திசையில் இழுப்பது வைட்டமின் சி. தண்டுவட நீரில் அது பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு. அமிலத்தில் அது நைட்ரைட்டைத் தின்றுவிடும். அதனால் தெரிந்த அளவு நைட்ரைட்டை மாதிரியில் கலந்து, எவ்வளவு திரும்ப வருகிறது என்று பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். நைட்ரேட் ரிடக்டேஸ் வேலை செய்யச் சேர்க்கும் என்ஏடிபிஹெச் (NADPH) மிஞ்சினால் அதுவும் நிறத்தைக் குறைக்கும். அதை அகற்ற எல்டிஹெச் (LDH) என்ற என்சைம் வரும் கிட்டுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம். வடிகட்டிகளிலும் நைட்ரைட் ஒட்டியிருக்கும், தூய நீரில் கழுவிப் பயன்படுத்துங்கள்.

சிங்கப்பூர் ஈரக்காற்றில் ஃபிரீசரிலிருந்து எடுத்த என்ஏடிபிஹெச் குப்பியை உடனே திறந்தால் தூள் ஈரம் உறிஞ்சிக் கெடும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன் ஆர்டர் போட வேண்டாம். பொருள் வந்து இறங்கும் இடத்திலேயே ஐஸ் கரைந்து என்சைம் செத்துப்போகும்.

நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் வேலை என்றால், நைட்ரைட்டோடு சேர்ந்து ஒளிரும் டிஏஎன் (DAN) கிட்டையோ வேதி ஒளிர்வுக் கருவியையோ தேடுங்கள்.