ஷண்ட்டில் ஈயம் வைக்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

"மேம்பாலம் ஏறவே என் எலக்ட்ரிக் சைக்கிள் திணறுதுடா. நீ கன்ட்ரோலர்ல ஏதோ பண்ணினியே, நானும் பண்ணட்டுமா?" என்று போன வாரம் கேட்டாய். போனில் சொன்னால் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். அதனால் எழுதுகிறேன்.

என்னுடையதும் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார்தான். மூன்று வருடமாக ஓட்டுகிறேன். சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. உக்கடம் மேம்பாலத்தில் மட்டும் வேகம் 11-க்கு இறங்கிவிடும், பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். அந்த ஒரு ஏற்றத்துக்காகத்தான் இத்தனையும்.

முதலில் ஒரு கடையில், மோட்டாருக்குக் கரன்ட்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரின் ஷண்ட்டில் ஈயம் வைத்துக் கொடுத்தார்கள். போர்டில் வளைந்து நிற்கும் தடித்த கம்பிதான் ஷண்ட். எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்று கன்ட்ரோலர் அதை வைத்துத்தான் அளக்கிறது. ஈயம் பூசினால் அதன் தடை குறையும். 22 ஆம்ப் ஓடினாலும் 14 என்றே கன்ட்ரோலர் நம்பும். ஒரு மாதம் பறந்தேன், உண்மை. ஆனால் நம் பேட்டரியில் பத்து வரிசை, வரிசைக்கு நான்கு செல். ஒரு செல்லுக்கு 3.5 ஆம்ப் இருந்தது 5.5 ஆனது. சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும், அதாவது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஒருநாள் பாதி சார்ஜில் பாலத்தின் நடுவில், பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் கரன்ட்டை வெட்டிவிட்டது. டிஸ்ப்ளே அணைந்து, லைட்டும் இல்லாமல், கைப்பிடிச் சுவரோரம் தள்ளிக்கொண்டே இறங்கினேன்.

அப்புறம்தான் 3,800 ரூபாய்க்கு சைன்வேவ் கன்ட்ரோலர் வாங்கினேன். இதில் பேட்டரியிலிருந்து எடுக்கும் கரன்ட்டுக்கு வரம்பு தனி, மோட்டாருக்குள் போகும் ஃபேஸ் கரன்ட்டுக்கு வரம்பு தனி. பேட்டரியை 14 ஆம்ப்பிலேயே விட்டு, ஃபேஸை 35 ஆக்கினேன். மெதுவாக ஏறும்போது மோட்டாருக்கு வோல்டேஜ் கொஞ்சம் போதும், கரன்ட்தான் அதிகம் வேண்டும். பேட்டரியிலிருந்து 36 வோல்ட்டில் 10 ஆம்ப் எடுத்து, மோட்டாருக்கு 12 வோல்ட்டில் 30 ஆம்ப்பாகக் கொடுக்கலாம். சைக்கிளில் சின்ன கியர் போடுவது மாதிரி. பழைய கன்ட்ரோலர் ஏற்றத்தில் அந்த 14 ஆம்ப்பை முழுதாக எடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார் வயர்களின் நிறங்கள் பொருந்தாமல் இரண்டு மாலை போனது. மூன்றாம் நாள் சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்றது. பழைய கர்ர்ர் ஒலி போய், டயர் தார்ச்சாலையில் உரசுவது மட்டும் கேட்டது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பாலத்தில் இப்போது 15-இல் ஏறுகிறேன். சட்டம் சொல்லும் மணிக்கு 25 கி.மீ. வரம்பைத் தொடவில்லை. அதைத் தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் என்று அது மோட்டார் வாகனமாகிவிடும். நீண்ட ஏற்றத்துக்குப் பின் ஹப்பில் கை வைத்துப் பார், சுடும். அதனால் ஃபேஸ் கரன்ட்டில் 35 ஆம்ப்புக்கு மேல் போகாதே.

இவ்வளவு நல்லதைச் சொன்னாலும், நீ இப்போதைக்கு எதையும் செய்யாதே என்பேன். போன ஞாயிறு என் பேட்டரியைத் திறந்து அளந்தேன். ஒன்பது வரிசை 3.6 வோல்ட் காட்டியது, ஏழாவது வரிசை மட்டும் 3.2. ஈயம் வைத்து ஓட்டிய அந்த ஒரு மாதத்தைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். 32 கி.மீ. போன வண்டி இப்போது 24-இலேயே நின்றுவிடுகிறது. உன் பேட்டரியும் என்னுடைய வயசுதான். முதலில் அதைத் திறந்து ஒவ்வொரு வரிசையையும் அள. பத்தும் சமமாக இருந்தால் என்னைக் கூப்பிடு, சால்டர் அயர்னோடு வருகிறேன். ஷண்ட் பக்கம் மட்டும் போகாதே.